நூற்றுப் பதினேழு அடி கோல் கம்பம்

எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி கோப்பையை ஜெயித்தது. தப்பு அங்கேதான் நடந்தது.

தோற்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. பதினொரு வருடம் ஒழுங்காகத் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். சாண்டர்ஸ்போர்ட் கோவேறு கழுதைகள் என்று பெயர். பொருத்தமான பெயர். 1945 டிசம்பரில், ஏரிக்காற்று காதை அறுக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி நிமிடத்தில் உதைத்த பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது. நாங்கள் சாம்பியன்.

ஜெயித்தால் கோல் கம்பத்தைப் பிடுங்குவது வழக்கம். ஏன் என்று கேட்கக்கூடாது. மைதானம் உறையாமலிருக்கப் போட்டிருந்த வைக்கோலில் விழுந்து புரண்டு கூட்டம் ஓடியது. இரண்டு பக்கத்துக் கம்பங்களையும் பிடுங்கி, ரம்பத்தால் அறுத்து, ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்குக் கொண்டுபோனது. மேயரும் ஒரு முனையைத் தோளில் தாங்கினார். பத்திரிகையில் படம் வந்தது.

ஜனவரியில் அணி முதலாளி வெண்டெல் டிரஸ்காட் ஒப்பந்தத்தைப் படித்தார். அதற்கு முன் படித்ததில்லை. மைதானம் நகரத்துடையது. "இரண்டு கோல்களுடன் கூடிய மைதானத்தை" நகரம் கொடுக்க வேண்டும். மார்ச் முதல் தேதி அவை இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. டிரஸ்காட்டுக்குக் கலிபோர்னியா மேல் கண். அந்த வருடம் எல்லோருக்குமே அங்கேதான் கண். போனவர்கள் ஆரஞ்சு மரத்தடியில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். அதைப் பார்த்து இங்கே இருப்பவர்களும் பனியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தார்கள். வழுக்கி விழுந்தார்கள்.

அணி போனால் நடுத்தெருவில் நிற்கப்போகிறவன் எமில் ஹ்ரூபி. மைதான வாசலில் பீர்க்கடை வைத்திருந்தான். ஆட்டம் இல்லாத நாளில் அந்தப் பக்கம் நாய்கூட வராது. வியாபாரத்தை விடுங்கள். பதினொரு வருடத்தில் ஒரு ஆட்டம் தவறவிடாதவன் அவன். அவன் போய் நின்றது, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் நகரப் பூங்காத் துறைச் செயலாளர் ஹார்லன் பெட்டிபோன் முன்னால்.

"புதுக் கம்பம் நட்டுடுங்க சார். கொஞ்சம் மரம், அவ்வளவுதானே."

"பழசு தொலைஞ்சதுன்னு சான்று வேணுமே."

"தொலைஞ்சுதான் போச்சு."

"தொலைஞ்சதுன்னா எங்க இருக்குன்னு தெரியக்கூடாது எமில். ஒரு குறுக்குக் கட்டை உன் கடையில பீப்பாய்க்கு மேல தொங்குது. போன வாரம் அதுக்குக் கீழ உக்காந்துதான் நான் குடிச்சேன்."

சரி, திருட்டுப் போனது என்று எழுதலாமா? எழுதலாம். திருடனைத் தெரிந்திருந்தால் பெயர் குறிப்பிட வேண்டும். மேயர் படம் பத்திரிகையில் இருக்கிறதே. எமில் தன் செலவிலேயே கம்பம் நடுகிறேன் என்றான். நகர நிலத்தில் தனியார் எதை நட்டாலும் ஆக்கிரமிப்பு; நாய்க்குச் சமாதி கட்டினவருக்கே அபராதம் போட்டிருக்கிறோம் என்று பெட்டிபோன் விளக்கினார். ஒரே வழிதான். துண்டுகளெல்லாம் திரும்பி வரவேண்டும். வந்தால் ஒட்டி நிறுத்தத் துறை கடமைப்பட்டிருக்கிறது.

எமில் முதலில் தன் கட்டையை இறக்கினான். பிறகு கைவண்டியோடு வீடு வீடாக ஏறினான். ஊர் நல்ல ஊர். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கணப்புக்கு மேலிருந்தும் கட்டிலடியிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் அந்த நாள் குளிரைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் துண்டு ரேடியோ மேல் இருந்தது. மச்சான் கொடுத்தது. ஜெயித்த அந்த வாரம் அவன் கோழிக்கூட்டில் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டு. பூங்காத் துறைக் கூடத்தில் ஊரே நின்றது. பெட்டிபோன் நாடாவை எடுத்து அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

இரண்டு கோலுக்கும் சேர்த்து மரம் நூற்றுப் பதினேழு அடி. வந்திருந்தது முந்நூற்று நாலு அடி.

டிரஸ்காட் தன் வக்கீலோடு மூலையில் நின்றிருந்தார். மெதுவாகச் சொன்னார்: "சீசன் பூரா ஆட்டத்துக்கு வந்தவங்களைவிட இங்க கட்டை கொண்டுவந்தவங்க அதிகம்யா. நீங்கள்லாம் அன்னைக்கே வந்திருந்தா நான் ஏன் ரயில் டிக்கெட் வாங்கறேன்?"

பெட்டிபோன் அதைக் கேட்காத மாதிரி ஒரு கட்டு வெள்ளைப் படிவத்தை மேசையில் வைத்தார். நகரத்துக்குச் சொந்தமில்லாத மரத்தை நகரம் வாங்கிக்கொள்ள முடியாது. மிச்சத்தைக் கொண்டுவந்தவர்கள் "கீழே கையொப்பமிடும் நான் கொடுத்த துண்டு கோல் கம்பத்தினுடையது அல்ல, அன்று நான் மைதானத்தில் இல்லை" என்று ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுத் தங்கள் துண்டை எடுத்துக்கொண்டு போகலாம். மீதியைத் தச்சன் இரவுக்குள் ஒட்டிவிடுவான். தச்சன் பசைச் சட்டியோடு தயாராக நின்றான்.

எமில் பேனாவை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தான். "யாரும் சிரிக்க மாட்டாங்கப்பா. நான் சத்தியமா சிரிக்க மாட்டேன். ஒரு வரி. நாளைக்கு டீம் இங்கேயே இருக்கும்."

ரொட்டிக்கடை நோவாக் கூரையைப் பார்த்தான். பாதிரியார் தன் துண்டையே பார்த்தார். மேயர், தான் இருந்ததற்குப் படமே இருக்கிறது என்றார். ஆனால் அவர் கொண்டுவந்தவை ஐந்து துண்டுகள், ஒன்றில் கதவுக் கீல் இருந்தது. பேனா என்னிடமும் வந்தது. மை சரியாக இறங்குமா என்று உதறிப் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தேன். ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடினார்கள்.

மறுநாள் மதிய ரயிலில் சாம்பியன்கள் போனார்கள். தலைக்கவசம், கோப்பை, பயிற்சியாளர், எல்லாம். வழியனுப்ப நல்ல கூட்டம். ஆட்டத்துக்கு அவ்வளவு பேர் வந்ததில்லை. எமில் மட்டும் வரவில்லை. கடைக்கு வாடகைப் பலகை எழுதிக்கொண்டிருந்தான்.

ஊர் பெட்டிபோனைத் திட்டித் தீர்த்தது. நானும் திட்டினேன். படிவத்தால் ஒரு அணியைக் கொன்ற மனுஷன் என்று பீர்க்கடையில் உட்கார்ந்து பேசினோம். கடை இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மார்ச் ஆறாம் தேதி அச்சகத்திலிருந்து நீலப் படிவம் வந்தது. வெள்ளைப் படிவம் பொதுமக்களுக்கு. நகர ஊழியர் அதில் கையெழுத்துப் போட முடியாது, அவர்களுக்கு நீலம். வந்த அன்றே ஒரு நீலப் படிவத்தை நிரப்பி அறிவிப்புப் பலகையில் ஊசியால் குத்தியிருந்தார்கள். துண்டு ஒன்றரை அடி, கொல்லை வேலியினுடையது, அன்று நான் வீட்டில் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டேன், என்று அதில் இருந்தது.

ஊர் வந்து படித்தது. இரண்டு முறை படித்தது. மறுநாள் காலையில் வெள்ளைப் படிவத்துக்கு வரிசை தெரு முனைவரை நின்றது. நோவாக் என் முன்னால் நின்றான். இருவரும் வானிலை பேசினோம். சாயங்காலம் மேசையில் மிஞ்சியது நூற்றுப் பதினாறு அடி பதினொன்றரை அங்குலம். குறைந்த அரை அங்குலம் "மரத்தூள் சேதாரம்" என்று பதிவாகி, முறைப்படி ஏற்கப்பட்டது.

கம்பங்கள் இப்போது நிற்கின்றன. இரண்டு பக்கமும், இம்மி பிசகாமல். நடுவில் புல் முழங்கால் உயரம்.

சாண்டர்ஸ்போர்ட்டில் யாரைக் கேட்டாலும் முதல் கையெழுத்துத் தன்னுடையது என்றுதான் சொல்வார்கள். கேட்டால் நானும் சொல்வேன். ஆனால் அந்த நீலப் படிவத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அடியில் ஒரே பெயர்தான் இருக்கிறது: ஹார்லன் பெட்டிபோன்.