விசில்காரரின் தீ ஒத்திகை

மணி அடித்ததும் அவர் செய்த முதல் காரியம் அவ்வளவு வீரமானதல்ல. மேஜைக்கு அடியில் தலையை விட்டு விசிலைத் தேடினார்.

இந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் தீ ஒத்திகை நடக்கும், மூன்றாம் மாடி ஆட்களை முன்படி வழியாகப் பத்திரமாக இறக்குவது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, மேலாளர் அம்மா அவரிடம் ஒரு விசிலையும் சிவப்புத் தொப்பியையும் கொடுத்திருந்தார். "இதை ஒழுங்கா செஞ்சு காட்டுங்க. அப்புறம் பிரிவுத் தலைவர் பதவியைப் பத்திப் பேசலாம்." அந்த நாற்காலியை வருஷக்கணக்கில் கண்ணாலேயே துடைத்துக்கொண்டிருந்தவர் அவர். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'விசில்' என்றாகிவிட்டது.

விசில் கிடைக்கவில்லை.

"எல்லாரும் வாங்க! ஒத்திகைதான், பயப்படாதீங்க!" குரல் கீச்சென்று வந்தது.

"இந்தக் குரல் இருக்கறப்போ விசில் எதுக்கு?" என்றார் கணக்கு அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் கையிலிருந்த வரைபடம் தலைகீழானது. வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடப்பக்கம் திரும்பி, ஒரு கதவைக் கம்பீரமாகத் திறந்தார். உள்ளே படி இல்லை. கூரை வரைக்கும் உடைந்த நாற்காலிகள்.

"இது குடோன் ஆச்சே சார்?" என்றாள் துப்புரவு அக்கா.

திரும்பிப் போனால் மானம் போகும். "தெரியும். இதுக்குப் பின்னாடி ஒரு படி இருக்கு. அதுதான் இன்னைக்குத் திட்டம்."

வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது உண்மை. அது படியா, தேநீர்க் கறையா என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது.

வரிசையாக நின்று நாற்காலிகளைக் கைமாற்றினார்கள். எட்டி நின்ற கணக்கு அதிகாரியின் கையில் அக்கா ஒன்றைத் திணித்தாள். "பிடிங்க சார். தினமும் நாற்காலிதான் உங்களைத் தாங்குது. ஒரு நாள் நீங்க தாங்குங்களேன்."

கறை இல்லை, படிதான்! ஆனால் கும்மிருட்டு.

"லைட் எங்கேய்யா?"

"இருட்டுல இறங்கறதுதான் பரீட்சையே," என்று அளந்துவிட்டார் விசில்.

கணக்கு அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு விசிலின் காதருகே குனிந்து, "எனக்கு இருட்டுன்னா... சின்ன வயசுலேர்ந்தே..." என்றார்.

"எனக்கும்தான் சார்," என்றார் விசில். அன்று அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். "என் தோள்ல கை போட்டுக்கங்க. எல்லாரும் முன்னாடி இருக்கறவங்க தோளைப் பிடிங்க. ரயில் விடுவோம்."

"கூ..." என்றாள் அக்கா. மாடியே கூவிக்கொண்டு இறங்கியது. ஜன்னலோர மேஜைக்காக மாதக்கணக்கில் பேசாமலிருந்த இரண்டு பேர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இறங்கினார்கள்.

கீழ்க்கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. விசில் முட்டினார். தோள்தான் வலித்தது.

"எல்லாரும் சேர்ந்து! மூணு சொன்னதும் தள்ளுங்க. ஒண்ணு... ரெண்டு..."

ரெண்டிலேயே தள்ளிவிட்டார்கள். கதவு திறந்து, ரயில் மொத்தமும் பின்சந்துக் குப்பைத் தொட்டிகளின் மேல் கவிழ்ந்தது.

கணக்கு அதிகாரி சட்டையைத் தட்டிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். "விசில் சார், நீங்க எந்த நாற்காலில உட்கார்ந்தாலும் இனிமே நான் உங்க பக்கம்."

ஆனால் எந்த நாற்காலியும் இனி இல்லை என்று விசிலுக்குத் தெரியும். தவறான வழி, தவறான வாசல், தொப்பியில் காய்கறித் தோல். தலைகளை எண்ணி முடித்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டடத்தின் முன்பக்கம் நடந்தார். ரயிலும் பின்னாலேயே வந்தது.

மேலாளர் அம்மா ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் வந்துட்டாங்களா?"

"ஒருத்தர் விடாம வந்துட்டாங்க மேடம். ஆனா மன்னிச்சிடுங்க. முன்படில இறக்காம, வழி தப்பி... ஒத்திகையைக் கெடுத்துட்டேன்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கரியாக நின்ற காவலாளிதான் சொன்னார்:

"ஒத்திகை நாளைக்குத்தான் சார். இன்னைக்கு முன்படி நிஜமாவே எரிஞ்சுது."