நீர்க்கட்டியும் தராசு மிசியும்

தராசு மிசியின் தராசில் ஏறாமல் தப்பிய மனிதர் தீவுப்பகுதியில் ஒருவரும் இல்லை. கோயில் ஐயர் ஏறினார். பாதர் ஏறினார். நாய்க்கடிக்கு ஊசி போட வந்தவர் ஏறினார். கையோடு கொண்டுவந்திருந்தால் நாயும் ஏறியிருக்கும்.

மிசி, பெண்கள் கிளினிக்கின் தாதி. நான் அதே ஆஸ்பத்திரியின் பிரதம இலிகிதர். ஒரு கையெழுத்துக்காகப் போனாலும் விடமாட்டார்.

"கிளாக்கர் ஐயா, முதல் ஏறுங்கோ."

"சுற்றுநிருபத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையே, மிசி."

"சுற்றுநிருபம் உங்கடை வண்டி வயித்தைக் காணேல்லை."

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் நெடுந்தீவிலிருந்து சுபா வந்தாள். கலியாணமாகி மூன்று வருடம். மாதவிலக்கு மாதக்கணக்கில் வராது. நிறை மட்டும் மாதம் தவறாமல் ஏறும். டொக்டர் ஸ்கான் பார்த்து, சூலக நீர்க்கட்டி என்றார். மாமியார் அதற்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: சாப்பாடு. இந்த வருடத்துக்குள் மெலியாவிட்டால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

அடுத்த கிளினிக்குக்கு மாமியாரோடு வந்த சுபா தராசில் ஏறினாள், இறங்கவில்லை, விழுந்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஏன் பிள்ளை, தண்ணி குடிக்கிறேல்லையோ?"

"நீர்க்கட்டி எண்டெல்லே சொன்னவை, மிசி? நீரை நிப்பாட்டினால் கட்டி வத்திப்போகுமெண்டு..."

நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் ஊர்க்காரி, கிடைத்த தண்ணீரையும் குடிக்காமல் விட்டிருக்கிறாள்!

"பேர் வைச்சவனையெல்லோ முதல் தராசிலை ஏத்தோணும்!" மிசி வெடித்தார். "அது தண்ணிக்கட்டி இல்லை, பிள்ளை. சூலகத்திலை முத்தாத முட்டையள் தேங்கி நிக்குது. உடம்பு பருத்தால் இன்சுலின் சரியா வேலை செய்யாது. உடம்பு அதை இன்னும் கூடச் சுரக்கும். அது சூலகத்தைக் குழப்பும். அந்தக் குழப்பம் திரும்பவும் நிறையை ஏத்தும். ஒண்டை ஒண்டு பிடிச்சுத் தள்ளுது."

"அப்ப இவள் திண்டதுதானே காரணம்?" மாமியார் பாய்ந்தார்.

"இல்லை அம்மா, ஒல்லிப் பிள்ளையளுக்கும் வருது. கொஞ்ச நிறை குறைஞ்சாலே சுகம் வரலாம். இவளாலை தனிய ஏலாது. நீங்களும் ஏறுங்கோ!"

மாமியார் ஏறினார். மருமகளைவிட ஒன்பது கிலோ கூட! வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். மிசி சுபாவின் கிளினிக் அட்டையிலேயே கோடு கீறி மாமியாரின் நிறையையும் எழுதினார். ஒருவரின் அட்டையில் இன்னொருவரின் விவரத்தைப் பதிவது விதிமீறல் என்று நான் சுட்டிக்காட்டினேன்.

"ஓம், ஐயா. ஒரே குசினியிலை சமைச்சுச் சாப்பிடுற ரெண்டு பேரிலை ஒராளை மட்டும் நிறுக்கிறது என்ன விதி?"

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நானும் ஒரு கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து மாமியும் மருமகளும் பின்னேரங்களில் சேர்ந்து நடந்தார்கள். சோறு குறைந்தது, கீரை கூடியது.

சில மாதங்கள் கழித்து, நடமாடும் கிளினிக்குக்குப் போக நானும் மிசியும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். நெடுந்தீவு லோஞ்சுப் படகு கரையை அணைய முன்பே அதன் முனையில் நின்று சுபா கத்தினாள்.

"மிசி! வந்திட்டுது! வந்திட்டுது!"

"லோஞ்சு வந்தது எங்களுக்கும் தெரியுதுதானே," என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"தானாவோ? குளிசை விழுங்காமலோ?" மிசியும் கத்தினார்.

"தானாத்தான் மிசி! ரெண்டாம் மாசமும் நாள் தவறாமல்!"

பின்னால் மாமியார் இரண்டு கையையும் ஆட்டினார். "நானும் நாலு கிலோ குறைஞ்சிட்டன்! இவளை ஒரு இடமும் விடமாட்டன், நடக்கிறதுக்கு எனக்கு ஆர் துணை?"

மிசி குடையை எறிந்துவிட்டுக் குதித்தார். பிறகு கயிறு கட்டும் குற்றியில் பொத்தென்று இருந்து, சனத்துக்கு நடுவில் விம்மி விம்மி அழுதார்.

கண் துடைக்க என் லேஞ்சியை எடுத்து நீட்டினேன். முப்பத்தைந்து வருடச் சேவையில் கையெழுத்து வாங்காமல் நான் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அதைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் எனக்கு இன்றுவரை இல்லை.