சுவரில் ஒரு தகடு

இன்றைக்கு மாமியாரை இறக்கியே தீருவது என்று சுகுமாறன் முடிவு செய்துவிட்டார். சுவரிலிருந்துதான்.

புக்கிட் ரோத்தான் வீட்டு ஹாலில், டிவிக்கு நேர் மேலே, மூன்றடிப் படத்தில் வேலம்மா. தோட்டத்தில் மண்டோராக இருந்து நூறு பேரை விரட்டி வேலை வாங்கிய கண். ஜெராம் ஊரில் இருந்துகொண்டே இங்கே மருமகன் எத்தனை முறுக்கு தின்கிறார் என்று பார்க்கும் கண். பதினெட்டு வருஷமாக!

அந்த இடத்துக்குத்தான் காலையில் கூரியர் வேனில் வந்து இறங்கியது விடுதலை. இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் வரைந்த ஓவியம். ஆறு, வைக்கோல் வண்டி, திரண்டு வரும் மேகம். அப்படியே அலுமினியத்தில் அச்சடித்தது. சுகுமாறனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“புஷ்பா, ஓடி வா! கண்ணாடி கிடையாது, சட்டம் கிடையாது. துரு பிடிக்காது, கறையான் தின்னாது. வெறும் தகடுதான், ஆனா மேகத்தைப் பாரு! இப்பவே கொட்டும் போல இல்ல?”

“கொட்டினா நீங்கதான் துடைக்கணும். எங்க மாட்டப் போறீங்க?”

“அது வந்து… அத்தை படம் இருக்கிற இடத்துல…”

பூகம்பத்தை எதிர்பார்த்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“மாட்டுங்க லா, யாரு வேணாங்கிறது?” என்றாள் மனைவி புஷ்பவள்ளி. “அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன்.”

ஒரு வார்த்தைதான். ஆனால் பொறுக்கி எடுத்த வார்த்தை.

“அம்மா, அவரு உன் படத்தைக் கழட்டிட்டு அங்க ஒரு தகடு வைக்கப் போறாராம்.”

போனுக்குள் ஜெராமே அலறியது. “தகடா? எனக்கா? எந்தச் சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்கினாரு?”

சுகுமாறன் போனைப் பிடுங்கினார். “அத்தை! மந்திரத் தகடு இல்ல, சித்திரத் தகடு! ஆறு, வண்டி…”

“எந்த வண்டி? என்னை ஏத்தி அனுப்பவா, மாப்ளே?”

“ஐயோ, சத்தியமா இல்ல அத்தை! நம்பலைன்னா நீங்களே வந்து பாருங்க!”

அலறல் நின்றது. நின்ற வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

“இந்த வார்த்தைக்குத்தான் மாப்ளே நாலு வருஷமா காத்திருக்கேன். மாப்பிள்ளை வாய்விட்டுக் கூப்பிடாம வரமாட்டேன்னு புஷ்பாகிட்ட சொல்லியிருந்தேன். துணிமணியெல்லாம் எடுத்துட்டே வந்துடறேன்.”

சுகுமாறன் திரும்பிப் பார்த்தார். புஷ்பவள்ளி பின்னறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆறும் மேகமும் சுவரில் ஜொலித்தன. எதிரே, சுகுமாறனின் சாய்வு நாற்காலியில், வேலம்மா.

சுவரில் இருந்தவரைக்கும் அவர் ஒருநாள்கூட ரிமோட்டைக் கேட்டதில்லை.