சம்மந்தி சத்தமாக வாசித்த ரிப்போர்ட்

ஐம்பத்தாறு வயது ஆண் எதையும் ஒப்புக்கொள்வான், களைப்பாக இருக்கிறது என்பதைத் தவிர. நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். நிந்தவூரில் எனது டைல்ஸ் கடையில் பகலிலேயே கண் சொக்கும். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, படுக்கை. (படுக்கை என்றால் தூக்கம் மட்டும். அதுதான் பிரச்சினையே.)

"என்னோட ஏதும் கோவமா?" என்று மனைவி பரீதா கேட்டபோது, "வியாபார யோசனை" என்று சமாளித்தேன்.

தெரிந்தவர் கண்ணில் படாமல் கல்முனைக்குப் போய் ஒரு டொக்டரைக் கண்டேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனும் பண்ணினார்கள்.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, ஆண் ஹோர்மோனும் குறைவு," என்றார் டொக்டர். "ரெண்டுக்கும் தொடர்பிருக்கு. கொழுப்புக் கூடினா ஹோர்மோன் குறையும். அது குறைஞ்சா கொழுப்பு இன்னும் சேரும். முதல்ல வயித்தக் குறைங்க."

பரீதாவிடம் ஈரல் கதையை மட்டும் சொன்னேன். அது கௌரவமான நோய். ஹோர்மோன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் ஒளித்தேன். (ஈரல் ரிப்போர்ட்டையும் அதே பையில் வைத்த புத்திசாலி நான்.)

அந்த வெள்ளிக்கிழமை மகளின் மாமனார் வீட்டில் விருந்து. சகன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தோம். நான் இறைச்சியை ஒதுக்கியதும் சம்மந்தியின் முகம் சுருங்கியது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கடைசி மேசை வரை கேட்கிற குரல்.

"சமையல் பிடிக்கல்லயா?"

"சீச்சீ, ஈரல்ல கொழுப்பாம். நீங்களே பாருங்க," என்று இடது கையால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன்.

அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். பழக்கதோசத்தில் தமிழிலும் விளக்கினார்.

"டெஸ்டஸ்டரோன். அதாவது, ஆண் ஹோர்மோன். இருக்கவேண்டியதை விடக் குறைவு."

மருமகன் சோற்றையே உற்றுப் பார்த்தான். திரைக்குப் பின்னால் பெண்களின் பேச்சு நின்றது. என் காது இரண்டும் சுட்டது.

சம்மந்தி தாளை மடித்துத் தந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, மெதுவாகக் கதைத்தார்: "எனக்கும் இப்படித்தான் இருக்கு. எந்த டொக்டர்?"

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்த பரீதா சொன்னாள், "உங்களுக்கு என்னப் பிடிக்காமப் பெய்த்து எண்டு ஒரு வருசமா நினைச்சிட்டிருந்தன். இதச் சொன்னா என்ன?"

வேகத்தைக் குறைத்தேன். அவள் என் தொந்தியைச் சுற்றிக் கையைப் போட்டாள்.

இப்போது அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு நானும் சம்மந்தியும் கடற்கரையில் நடக்கிறோம். எனக்கு இடுப்புவார் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. பகலில் கண் சொக்குவதில்லை. (மற்றதைப் பரீதாவிடம் கேட்கவேண்டாம்.)

ஆனால் எங்கள் வீட்டுக்கு கரண்ட் பில் வந்தாலும், கல்யாணக் கார்ட் வந்தாலும், எங்களோடு இருக்கும் மகள் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொல்வாள்:

"வாப்பா, மாமாக்கிட்ட வாசிக்கக் குடுங்க. தெருவுக்கே கேக்கும்."