பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தயக் கார்

15.4.2018, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40. சக்கரம் நான்கு. காற்று மூன்றில்.

மதிப்பிற்குரிய தங்கையன் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் உத்திராபதி பணிவோடு எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் தாங்கள் உடல்நலத்தோடும், குளிரூட்டிய அறையில் நல்ல தூக்கத்தோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அக்கா நலம், வயிற்றில் இருப்பதும் நலம், அம்மா நலம். நான் நலமில்லை. காரும் நலமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனை எடுத்தாலே அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அவருகிட்ட எதையாவது சொல்லிப் பயமுறுத்துன, தொலைச்சிடுவேன்" என்கிறாள். அதிராம்பட்டினம் யூனுஸ் பாய் இன்று உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார்; ஊறுகாய்ப் பொட்டலம் வாங்க ஏழு மணிக்கு பைக்கில் வருவார். பொட்டலத்தோடு இதுவும் வரும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். எடுத்தால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருப்பது உங்கள் கார் ஒன்றுதான், அது இப்போது ஓடாது. காரணம் நீங்கள். "ரோட்டுக்கும் ஆகணும், மே மாசம் லீவுல வந்தா ரேஸ் டிராக்குல நாலு ரவுண்டு விடுறதுக்கும் ஆகணும், பதினேழு இன்ச் போட்ரு மாப்ள" என்றது யார்? நான் ஒரகடத்தில் வண்டிகளைச் சோதனை போடுகிற வேலையில் இருப்பவன். அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேன். கம்பெனி கொடுத்த பதினைந்து அங்குல ரிம் போதும், டிராக்குக்கு ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பெரிய ரிம்மால் எடைதான் கூடும் என்றேன். கேட்டீர்களா? சக்கரத்தின் மொத்த உயரம் மாறக் கூடாது, மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். ஆகவே ரிம் வளர்ந்தால் ரப்பர் சுவர் இளைத்தாக வேண்டும். பழைய டயரில் சுவர் பன்னிரண்டு சென்டிமீட்டர், நீங்கள் கேட்டதில் ஒன்பது. அந்த மூன்று சென்டிமீட்டரை நம்பித்தான் நம் ஊர்ச் சாலையே இருக்கிறது. போதாததற்கு ஸ்பிரிங்கையும் ஒரு அங்குலம் இறக்கச் சொன்னீர்கள். எடை குறைய ஸ்டெப்னியைக் கழற்றி வைத்தது மட்டும் நான். அதைப் பற்றி இப்போது விவாதம் வேண்டாம்.

எரிவாயுக் குழாய் பதிக்கிறோம் என்று உங்கள் மூன்று மா வயலிலும் கல் நட்டார்களே, அந்தக் கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டது அக்காதான் என்பது தங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதன் பிறகு குழாய் லாரிகள் உள்ளே வரக் கூடாதென்று ஊரே கூடி மதகடியில் சாலையைக் குறுக்கே வெட்டிவிட்டது. பைக்கும் ஆளும் போக மட்டும் இரண்டு பனைமரத் துண்டு போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே பந்தல், கறுப்புக்கொடி. 108 வண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைதான் வருமாம். இரண்டு கிலோமீட்டர் அக்கா நடக்க வேண்டுமா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. பனைத்துண்டுகளை இடம் மாற்றிப் போட்டால் கார் தாண்டுமா என்று பார்க்க, நேற்று ஒரு ஒத்திகை ஓட்டம் வைத்தேன். அக்காவின் எடைக்கு ஈடாகப் பின் சீட்டில் ஒரு நெல் மூட்டையை உட்கார வைத்து பெல்ட்டும் போட்டேன். சோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும்.

வேகத்தடை, குண்டு குழி எல்லாம் கணக்கில் எடுத்தவன் ஒன்றை மறந்துவிட்டேன். இது சித்திரை. ரோடெல்லாம் உளுந்துச் செடி. போகிற வண்டி ஏறி நெற்று உடையட்டும் என்று மங்களாம்பிகைப் பெரியம்மா தார் தெரியாமல் பரப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "ஏத்து தம்பி, பட்டையா டயரு, ஒரு வாட்டி போனாப் போதும்!" ஏற்றினேன். டிராக் டயரின் ரப்பர் மிருதுவானது, சூடானால் பசை மாதிரி ஒட்டும், அதுதான் அதன் சிறப்பே. சித்திரை வெயிலில் அந்தச் சிறப்பு முழுசாக வெளிப்பட்டது. செடி, நெற்று, பருப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டு சக்கரத்தோடு சுற்ற, பெரியம்மா பின்னாலேயே ஓடிவருகிறார்: "அடேய், என் உளுந்தச் சுருட்டிக்கிட்டுப் போறான் பாருங்கடி!" நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் நாலு டயரையும் நோண்டி, முறத்தில் போட்டுக் கொடுத்த பிறகுதான் விட்டார். நடுவில் பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"மூட்டைக்கு எதுக்குப்பா பெல்ட்டு?"

"அக்காவுக்குப் பதிலா, பெரியம்மா. எடைக்கு."

"அவகிட்ட சொன்னியா இத?"

சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

பள்ளத்துக்கு வந்தேன். பனைத்துண்டுகளை நானே அளந்து தள்ளிப் போட்டேன். அளவு சரிதான், அத்தான், என் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அது உருண்டை மரம், ஏறினால் உருளும் என்பது கணக்கில் இல்லை. முன் சக்கரம் படாரென்று உள்ளே போய், ரிம் கரையில் மோதி, ஒன்பது சென்டிமீட்டர் சுவர் கன்னம் கிழிந்து புஸ்ஸென்றது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். போராட்டக் குழுவின் கலியபெருமாள் அண்ணன் மைக்கிலேயே சொன்னார்: "பள்ளம் நல்லா வேல செய்யுதுய்யா! மொதல்ல உழுந்தது நம்ம வண்டிதான்!" அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணுகிறார், "வலிக்குதுங்கிறாடா, வா." கிழிந்த டயரை இரண்டு கையாலும் பொத்துகிறேன். வாய் "அக்கா, அக்கா" என்கிறது. மைக்கை வைத்துவிட்டு அண்ணனும் பந்தலில் இருந்த பெண்களுமாகக் காரை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்துத் திருப்பிவிட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் காற்றில்லாத சக்கரத்தில் லொடக் லொடக்கென்று வந்து சேர்ந்தால், அக்கா சுவரில் சாய்ந்து மாங்காய் தின்றுகொண்டிருக்கிறாள். பொய் வலியாம். நர்ஸ் அம்சம் வந்து பார்த்துவிட்டு, "அடுத்தது பொய்யா இருக்காது, வண்டிய ரெடியா வெச்சுக்குங்க" என்று சொல்லிப் போனார்.

வண்டியை எதை வைத்து ரெடி பண்ணுவது? கிழிந்த கன்னத்துக்கு ஒட்டுப் போட முடியாது, ரிம்மும் கோணல். கழற்றிய பழைய சக்கரம் நாலும் ஸ்டெப்னியும் மாட்டுக்கொட்டகையில்தான் இருந்தன. நேற்று போய்ப் பார்த்தால் வெறும் தரை. "கொட்டாயில அஞ்சு கெடந்துச்சேக்கா?" என்றேன். "மறியலுக்கு எரிக்க டயர் கேட்டு வந்தாங்க" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. மாங்காயைக் கடிக்கிற சத்தம் கேட்டாலே வலியோ என்று தூக்கிவாரிப் போடுகிறது. கிழிந்த சுவரில் ஒரு துண்டு அறுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு, பதினேழு இன்ச்சுக்கு ஆசை காட்டி நீங்கள் அனுப்பிய அந்த ரேஸ் வீடியோவை எனக்கு இன்னொரு தரம் அனுப்ப மனம் வருகிறதா என்று சொல்லுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. யூனுஸ் பாயின் பைக்கை வாங்கிக்கொண்டு ஒரத்தநாட்டுக்குப் பறப்பேன். ஞாயிற்றுக்கிழமையானாலும் ஏதாவது ஒரு டயர்க் கடைக்காரரை எழுப்புவேன். பாய் விமானத்தைத் தவறவிட்டால் இந்தக் கடிதம் உங்களுக்கு வராது.

2. மறியல் சாம்பலில் பழைய ரிம்மையாவது தேடுவேன். இரும்பு எரியாது.

3. அக்கா தாண்டுகிற நேரம் மட்டும் பள்ளத்தை மூடும்படி கலியபெருமாள் அண்ணனிடம் கேட்பேன். குழுவைக் கூட்டித்தான் முடிவு என்பார். காலில் விழுவேன்.

4. எதுவும் நடக்காவிட்டால் கட்டிலோடு தூக்கிப் பள்ளத்தைத் தாண்டுவேன்.

5. எல்லாம் முடிந்த பிறகு ஓரமாக உட்கார்ந்து அழுவேன்.

தாங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும். குலதெய்வம் உங்களைக் காக்கட்டும். அதற்கு முன் ஒரு நடை இங்கே வந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
உத்திராபதி

பின்குறிப்பு: காலை 6.35. மேலே உள்ள ஐந்தையும் அடித்துவிடவும். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு ஓடினேன். கார் பழைய பதினைந்து அங்குலத்தில், நாலு காலும் ஊன்றி நிற்கிறது. அக்கா அவற்றை எரிக்கக் கொடுக்கவே இல்லை, வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். "கேட்டு வந்தாங்கன்னுதான் சொன்னேன், குடுத்தேன்னா சொன்னேன்? நீ கழட்டுன அன்னிக்கே தெரியும்டா, இது திரும்ப வேணும்னு. நேத்தே சொல்லியிருந்தா ராவோட ராவா மறுபடி எதையாவது கழட்டியிருப்ப." நான் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதிய நேரத்தில் கலியபெருமாள் அண்ணனின் ஆட்கள் மாட்டி முடித்துவிட்டார்கள். நான் அந்தச் சத்தத்தை அம்மா மருந்து இடிக்கிறார் என்று நினைத்தேன். உங்கள் பதினேழு அங்குலம் நாலும் இப்போது பள்ளத்துக்குள் படுத்திருக்கின்றன, மேலே மணல் மூட்டை, அதற்கு மேல் பலகை. அதில் ஏறித்தான் நாங்கள் தாண்டப்போகிறோம். தாண்டியதும் லாரிக்கு ஆகாதென்று உருவிவிடுவார்களாம், திரும்பி வரும்போது மறுபடி போடுவார்களாம். இந்த ஏற்பாடு உங்கள் லீவு முடியும் வரை நீடிக்கும் என்று அண்ணன் தங்களிடம் தெரிவிக்கச் சொன்னார்.

அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, இது பொய் வலி இல்லை. அவசரத்தில் நெல் மூட்டையை இறக்க மறந்துவிட்டோம். பெல்ட்டோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இறக்கட்டுமா என்றேன். அக்கா அதன் மேல் சாய்ந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி சொல்கிறாள்: "இருக்கட்டும்டா. இந்தக் கார்ல இது ஒண்ணுதான் பதறாம வருது."