உன் மிஷின் ஓடவில்லை

சேசு மரி சூசை துணை

விஸ்வநத்தம்,
24.4.2005

அன்புள்ள தம்பி ஜெயசுந்தருக்கு,

அண்ணன் சேசுராஜ் எழுதிக்கொள்வது. மேலே ‘அன்புள்ள’ என்று இருப்பது கடித வழக்கம் கருதி மட்டுமே. ஆறு வருடத்துக்குப் பிறகு வரும் கடிதம் என்பதால் நீ அதற்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே நானும் உன் மதினி ஞானபூரணியும் மகள் கிருபாவும் சுகம். நீ விட்டுவிட்டுப் போன மரம் அறுக்கும் மிஷின் மட்டும் சுகமில்லை. இக்கடிதம் அதைப் பற்றியது. வேறு எதைப் பற்றியும் அல்ல.

நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு புனலூர் ரப்பர் தோட்டத்துக்குப் போன அந்த மழைக்கு, உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே ஒரு வேலிக்கருவை முளைத்தது. அன்றே காலால் மிதித்திருந்தால் முடிந்திருக்கும். உன் இடத்தில் முளைத்ததை நான் ஏன் மிதிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இன்று அது தொடைப் பருமனில், முள்ளும் கிளையுமாக உன் வாசலையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. மே பதினெட்டாம் தேதி புதன்கிழமை கிருபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விருதுநகர். பந்தல்காரர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு வாசலையும் சேர்த்துப் போட்டால்தான் கூட்டம் கொள்ளும், நடுவில் இருக்கிற சனியனை எடுங்கள் என்றார். “கரிமூட்டம் போடுறவககிட்ட ஒரு வார்த்த சொன்னா சும்மாவே வெட்டித் தூக்கிட்டுப் போயிருவாக” என்றாள் உன் மதினி. தம்பியின் மிஷின் வீட்டில் இருக்கும்போது ஊராரைக் கூப்பிடுவது எனக்கு முறையாகப் படவில்லை.

ஆகவே மிஷினைப் பரணிலிருந்து கீழே இறக்கினேன். நீ போகும்போது, “இதுக்கு என்னையவிடக் கோவம் சாஸ்தி, அண்ணனப் பாத்து இழுக்கச் சொல்லுங்க” என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். நான் உள்ளேதான் இருந்தேன். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். எம்.ஏ., பி.எட். படித்தவன் மொபெட்டுக்குக் கலக்கிற கணக்கில் கலந்து ஊற்றி, வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். இருமியது. மறுபடி இழுத்தேன். இருமக்கூட இல்லை. பட்டாசுக் கம்பெனி வேனுக்காகக் காலையில் நம் வாசலுக்கு எதிரில் நிற்கும் பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. பஞ்சம்மாளை உனக்கு நினைவிருக்கும், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். “சார் தேரு இழுக்காக, எல்லாரும் கும்பிட்டுக்கங்கடி” என்றாள். மறுநாள், “என்ன சார், தேரு இன்னும் நெலைய விட்டே நகரலையா?” என்றாள். வேன் டிரைவர்கூட இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்திப் பார்க்கிறான். என் வலது தோள்பட்டை இப்போது கரும்பலகையின் மேல்வரிக்கு எட்டுவதில்லை.

பக்கத்து வீட்டு முனியராஜ் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெட்ரோல் வாடைக்கு ஓடிவந்தவர், நான் என்ன செய்கிறேன் என்றுகூடக் கேட்காமல் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் கொண்டுவந்து வைத்தார். நான் கல்மேல் போட்ட ஸ்பேனரைப் பாய்ந்து எடுத்தார். “இரும்பக் கல்லு மேல போடாதீக சார்” என்றார். என் வாசலில் வெடிமருந்து ஏது என்றேன். “ஏஞ் சட்டையில இருக்குல்ல” என்றார். அவர் சட்டை வெள்ளி பூசியதுபோல் மினுங்கியது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிளக்கைக் கழற்றி மிஷின்மேல் வைத்துக் கயிற்றை இழுத்து, பொறி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பொறி வரவில்லையே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முனியராஜ் தூரத்திலிருந்தே, “இந்த ஊருல பொறி வரலையேன்னு வருத்தப்பட்ட மொத ஆளு நீங்கதான் சார்” என்றார். இதையும் வேன் பெண்கள் கேட்டார்கள்.

பிறகு மொபெட் மெக்கானிக் கருத்தப்பாண்டியை வரவழைத்தேன். அவன் மிஷினின் புகைக்குழலுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தான். மண்மண்ணாக உதிர்ந்தது. “சார், உள்ள குளவி வீடு கட்டி ஒரு குடும்பமே இருந்திருக்கு” என்றான். எனக்கு முறையாக அழைப்பு வைக்காமல் வீடு கட்டிக் குடிபோவது உன் மிஷினுக்கும் பழகிவிட்டது போலும். கார்புரேட்டரை ஊசியால் குத்தி ஊதினான். புது பிளக் போட்டான். சாயங்காலம் எல்லாம் துடைத்து, காய்ந்து, ஒழுங்காக இருந்தது. காலையில் பார்த்தால் பிளக் தொப்பலாக நனைந்திருக்கிறது. தினமும் இதே கதை. “பெட்ரோல் முங்குது சார்” என்கிறான். முகர்ந்தால் பெட்ரோல் வாடை இல்லை. “அப்ப அதுக்கே வேர்க்குது” என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. இப்படியொரு மிஷினைத்தான் நீ எனக்கு விட்டுப்போயிருக்கிறாய். இராத்திரியெல்லாம் தனியாக அழுதுவிட்டுக் காலையில் வாய் திறக்காமல் இருக்கிறது. இந்த வீட்டில் அதற்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அழைப்பு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு அல்ல. உன் புது வீட்டு மந்திரிப்புக்கு நீ அடித்த அழைப்பிதழில் என் பெயர் வெறும் ‘சேசுராஜ், ஆசிரியர்’ என்று இருந்தது. ஊரெல்லாம் அச்சகம் இருக்கிற சிவகாசியில், என் எம்.ஏ., பி.எட்.டுக்கு இடமில்லை. பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன உன் மைத்துனனுக்கு பி.காம். இருந்தது. கேட்டதற்கு, “அண்ணே, நீங்க யாருன்னு ஊருக்கே தெரியும். அவனத்தான் ஒருத்தருக்கும் தெரியாது” என்றாய். நல்ல பதில். அது நல்ல பதிலாக இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபம். மந்திரிப்பு அன்று சாமியார் உன் வீட்டில் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனதை என் சன்னல் வழியாகப் பார்த்தேன். நீ தூக்குவாளியில் பாயசம் கொண்டுவந்தாய். நான் எழுந்து வரவில்லை. நீ போனபின், ஆறிய பிறகு, ஒரு டம்ளர் குடித்தேன். ஏலக்காய் கூடுதல்.

இப்போது கிருபாவின் அழைப்பிதழ் அச்சகத்தில் பாதியில் நிற்கிறது. மைபோட்டுக் காத்திருக்கிறார்கள். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே முதலில் உன் பெயர். பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று கேட்கிறார்கள். நீ இன்னும் சூப்பர்வைசரா, மேலே போய்விட்டாயா? எனக்குத் தெரியவில்லை. கிருபாவிடம் கேட்டால், “சொந்தத் தம்பி என்ன வேல பாக்காகன்னு ஏங்கிட்டயா கேக்குறீக?” என்கிறாள். அவளுக்கும் உன் ஜாடைதான், வாயில்.

ஆகவே நீ மே பதினேழாம் தேதிக்குள் நேரில் வந்து, உன் மிஷினை நீயே பழுதுபார்த்து, உன் இடத்து மரத்தை நீயே அறுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது ஒரு நாள் வேலை. மறுநாள் உனக்கு இங்கே வேலை எதுவும் இருக்காது. இருந்தாலும் வந்த சூட்டோடு பஸ் ஏறிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை இருக்க நேர்ந்தால் வெள்ளைச் சட்டை ஒன்று கொண்டுவா.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்று எழுது. மாதா உங்களைக் காப்பாற்றட்டும். என் தோள்பட்டையையும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ம. சேசுராஜ், எம்.ஏ., பி.எட்.

பி.கு.: கவரை ஒட்டும் முன் விடிந்துவிட்டது. இன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் மிஷின் இருக்கும் அறைக்குப் போனால், ஞானபூரணி அதன்மேலிருந்து சொட்டச் சொட்ட ஒரு கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். “பெட்ரோல் கெடக்குற சாமான ஈரச்சாக்கு போடாம வீட்டுக்குள்ள வைக்கச் சொல்றீகளா? முனியராஜ் தம்பி சொன்ன அன்னையில இருந்து ஒரு ராத்திரி விடாம ரெண்டு செம்பு ஊத்தி மூடுறேன்” என்றாள். தினமும் கொடியில் ஒரு சாக்கு காய்வதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் துடைத்து வெயிலில் வைத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தெருவே அதிர்ந்தது. மிஷினில் ஒரு குறையும் இல்லை. மரத்தடி வரை கொண்டுபோனேன்.

அங்கே நின்று மிஷினை நிறுத்திவிட்டேன். “ஓடுதுல்ல, அறுங்க” என்றாள் உன் மதினி. உள்ளே கொண்டுவந்து வைத்து, சாக்கை நானே மேலே போட்டு, ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு வாளி கொண்டுவந்தாள்.

மேலே எழுதியதில் மாற்றம் இல்லை. உன் மிஷின் ஓடவில்லை. நீ வரும்வரை ஓடாது.