வெண்டல் ஷ்ராக் சோளங்காத்த சருக்கம்

வாழ்க, ஸ்டில்வாட்டர் ஆற்றங்கரைக் காவலன்! வாழ்க, ஒஹாயோவின் பனியிலும் புழுதியிலும் தடம் பிறழாமல் பள்ளிப் பேருந்து என்னும் மஞ்சள் தேரைச் செலுத்திய மாரதன்! பின்பார்வைக் கண்ணாடியில் ஒருமுறை விழி உயர்த்திய மாத்திரத்தில், பின்னிருக்கைகளில் கொந்தளித்த பிள்ளைக்கடலை அலையடங்கி உறையச் செய்தோன்! ஓய்வு பெற்றபின் வீட்டின் பின்புறத்துக் கையகல நிலத்தில் இனிப்புச் சோளம் விதைத்து, தோகை ஒவ்வொன்றையும் தொட்டுத் தடவி வளர்த்த தாளாளன் வெண்டல் ஷ்ராக் வாழ்க! அவன் ஏந்திய காற்றுத்துப்பாக்கியும் வாழ்க! அதன் குழலுக்குள் அடைபட்டுத் துடிக்கும் காற்றே, இக்கதை முடியுமட்டும் எமக்கு மூச்சாக நின்று துணைபுரிவாயாக!

பகைவர் யாரெனில், ஆற்றோர மரப்பொந்துகளில் பகலெல்லாம் துயின்று, வெயில் சாயும் வேளையில் வேலியேறி வரும் ரக்கூன் குலத்தோர். கண்ணைச் சுற்றிய கரிய முகமூடியோடே பிறப்பதால் களவுக்கெனத் தனி வேடம் வேண்டாதோர்; கறுப்பும் சாம்பலும் மாறிமாறி வளையமிட்ட வாலையே கொடியாக உயர்த்தி நடப்போர்; மனிதக் கையையொத்த முன்னங்கைகளால் தாழ்ப்பாள் நீக்கவும் மூடி திருகவும் வல்லோர். அவர்களுக்குத் தலைவி ஒருத்தி இருந்தாள். இடக்காது கிழிந்தவள், இடை பெருத்தவள், எதற்கும் ஓடாதவள். அவளுடைய குட்டிகள் அவள் பின்னே வரிசை குலையாமல் வரும். வெண்டலின் பேருந்தில் ஏறிய எந்தப் பிள்ளையும் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

இவ்விரு தரப்புக்கும் பகை மூண்டது சென்ற ஆண்டு. எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்தில் ஆகஸ்டு வந்தால் சோள விருந்து நடக்கும். விருந்துக்கு வேண்டிய சோளம் முழுவதும் தன் கொல்லையிலிருந்தே வரும் என்று வெண்டல் வாக்களித்திருந்தான். கதிர்களில் பால் கட்டி, மறுநாள் பறிக்கலாம் என்று அவன் முடிவு செய்த அதே மாலையில், அதே முடிவுக்கு ரக்கூன்களும் வந்தன. பொழுது விடிந்தபோது கொல்லையில் மிஞ்சியவை வெறுந்தட்டைகள். தகர டப்பாக்களில் அடைத்த கடைச் சோளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தோற்ற மன்னன் திறை சுமந்து வருவதுபோல் அவன் தேவாலயக் கூடத்துக்குள் நுழைந்தான். கூடம் சிரித்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் அடுத்த வீட்டு மெர்ல் டாகெட்.

“டப்பாவ எந்த மாசம் விதைச்ச, வெண்டல்?” என்றான் மெர்ல்.

வேலினும் கூரிய அக்கேள்வி நெஞ்சில் தைக்க, உருளைக்கிழங்குச் சாலடுக் கரண்டியை உருவிய வாளாக உயர்த்தி, சபை நடுவே நம் தலைவன் வஞ்சினம் உரைத்தான்:

“எல்லாரும் கேட்டுக்கங்க! அடுத்த வருஷம் இந்த மேசையில என் கொல்லைச் சோளம் இருக்கும். இல்லேன்னா என் பேர் வெண்டல் ஷ்ராக் இல்ல!”

“பேர மாத்தினா டிரைவிங் லைசென்ஸையும் மாத்தணும், பாத்துக்க” என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஆர்டித்.

ஓராண்டு உருண்டது. புதுச்சோளம் ஆளுயரம் எழுந்து தோகை விரித்தது. வெண்டல் முதலில் அறவழியே முயன்றான். மனிதக் குரல் கேட்டால் ரக்கூன் அஞ்சும் என்று யாரோ சொல்ல, வரப்பில் ஒரு ரேடியோவை அலறவிட்டான். பகைவர் அதன் அருகே வட்டமாக அமர்ந்து, பன்றி விலை நிலவரத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் போயினர். மிளகாய்த் தூள் தூவினான். காற்று திசை மாறி அத்தூளை அவன் கண்ணிலேயே தூவியது. சாம பேத தானங்கள் இவ்வாறு பொய்த்தபின், தண்டம் ஒன்றே எஞ்சியது என்று தேர்ந்து, காற்றுத்துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தான். அதைக் கண்ட ஆர்டித் கேட்டது ஒன்றுதான்:

“கண்ணாடி போட்டுக்கிட்டா சுடப்போற, இல்ல கழட்டிட்டா?”

“கொல்ல மாட்டேன் ஆர்டித். பின்னாடி சுருக்குனு ஒண்ணு வைப்பேன். ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வராது.”

அன்று மாலை முதற்போர். கொசுத்தைலமே கவசமாக, வைக்கோல் தொப்பியே மகுடமாக, மடக்கு நாற்காலியே அரியணையாக, கருவிகள் வைக்கும் கொட்டகையின் நிழலில் அவன் வீற்றிருந்தான். செவ்வானம் சாம்பல் பூத்த வேளையில் காது கிழிந்தவள் வேலிமேல் தோன்றினாள், இறங்கினாள், ஒரு தட்டையைக் கட்டிப்பிடித்து வளைத்து, கதிரைத் திருகி எடுத்தாள். சிவனைக் குறிவைத்த மன்மதன்போல் மூச்சடக்கி வெண்டல் விசையை அழுத்தினான். சீறிப் புறப்பட்ட ஈயக்குண்டு கொட்டகையின் தகரக்கூரையில் மோதித் திரும்பி, மழைநீர்க் குழாயில் பட்டுத் துள்ளி, ஆர்டித் ஆசையாய்த் தொங்கவிட்டிருந்த பெட்டூனியாத் தொட்டியின் கயிற்றை அறுத்தது. தொட்டி, பூவும் மண்ணுமாகத் தரையில் சிதறியது. தலைவி தலை நிமிர்ந்து பார்த்தாள். பின், பறவைகள் குளிப்பதற்கென வைத்திருந்த கல்தொட்டியை அடைந்து, கதிரை முன்னும் பின்னும் புரட்டி நீரில் அலசி, போர்க்களத்திலும் ஆசாரம் வழுவாதவளாய் அமர்ந்து உண்டாள்.

“வெண்டல்!” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. போர் அத்துடன் நின்றது.

நாட்கள் சில சென்றன. ஒரு காலை, வேலிக்கு மறுபுறம் மெர்ல் டாகெட் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது. அவன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிறு மீன்குளம் உண்டு. மாலைதோறும் அதன் கரையில் குந்தி, மீன்களோடு பேசுவான். ஊரார் பார்த்தால் இரை போடுவதுபோல் பாவனை செய்வான்.

“உன் விருந்தாளிங்க நேத்து என் குளத்துல சாப்டுட்டுப் போயிருக்காங்கய்யா” என்றான்.

“எத்தன மீன் போச்சு?”

“மிச்சம்னு ஒண்ணும் இல்ல. பெரிய ஆரஞ்சு மீனு இருந்துச்சே, பெட்டினு பேர் வச்சுக் கூப்புடுவேனே, அது தலைய மட்டும் கல்லு மேல வச்சுட்டுப் போயிருக்குங்க.”

ஓராண்டாகத் தீட்டிய அம்பு இப்போது வெண்டலின் நாவில் ஏறி நின்றது. ‘டப்பா மீன் வாங்கி விட்டுக்க’ என்று ஒரே ஒரு சொல் போதும், பழி தீரும். வாயும் திறந்தான். மெர்லின் மோவாய் நடுங்குவதைப் பார்த்தான். அம்பைத் தூணிக்குள்ளேயே திரும்பச் செருகிக்கொண்டு கேட்டான்:

“உன்கிட்ட ஏர் கன் இருக்கா?”

“சின்ன வயசுல வாங்கினது ஒண்ணு பரண்ல கெடக்கு.”

“எடுத்துட்டு வா.”

வேலிக்கு மேலே இரு கைகள் பற்றிக் குலுங்கின. சேரனும் சோழனும் ஓரணியில் நின்றாற்போல் எங்கள் தெரு வியந்தது. உண்மையில் வியந்தவள் ஆர்டித் மட்டுமே. தெருவில் வேறு யாரும் பார்க்கவில்லை.

விருந்துக்கு முந்திய மாலை வந்தது. கதிர்கள் கனிந்து பால் ததும்பி நின்றன. காலையில் பறிக்க வேண்டும். மேற்கே கொட்டகையோரம் வெண்டல், கிழக்கே வேலியோரம் மெர்ல், இடையே சோளக்காடு. அவரவர் பாதியில் அவரவர் சுடுவது, துப்பாக்கியைத் தாழ்த்தியே பிடிப்பது, நடுவரப்பைத் தாண்டுவதில்லை என்று போரறம் வகுத்துக்கொண்டனர். வெளிச்சம் மெல்ல வடிந்தது. கொசுக்கள் துந்துபி முழக்கின. வரவேண்டிய பகைவர் வரவில்லை.

அந்நேரத்தில் மெர்லின் குண்டு டப்பா கை நழுவி விழ, ஈயக்குண்டுகள் உருண்டு வரப்பைக் கடந்து சோளத்துக்குள் ஓடின. மறந்தான் மெர்ல் போரறத்தை. தவழ்ந்து உள்ளே புகுந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். மேற்கே இருந்த வெண்டல் கண்டது என்ன? தோகைகள் அசைகின்றன. தட்டைகளின் இடைவெளியில் சாம்பல் நிறத்தில், உருண்டு திரண்டு, மெல்ல மேலெழுந்து ஆடுகிறது ஒரு பேருருவம். காது கிழிந்தவள் சில நாட்களுக்குள் இத்தனை கொழுத்தாளா என்று வியந்தான், சினந்தான், சுட்டான். அதுநாள்வரை கூரையிலும் குழாயிலும் பட்டுப் பழகிய அவன் குண்டு, அன்று ஒன்றே ஒன்று, குறி தவறவில்லை.

ஆற்றங்கரைக் கொக்குகள் ஒருசேர எழுந்து பறக்கும்படி மெர்ல் அலறினான்.

முதுகில் புண்பட்ட வீரன், நாணித் தலைகுனிந்து வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர்விடுவது தமிழ்நாட்டு மறவரின் பண்டை வழக்கம். மெர்ல் டாகெட் ஒஹாயோக்காரன். அப்படியே அவன் துணிந்திருந்தாலும், எந்தத் திசை நோக்கியும் அமர இயலாத இடத்தில் அல்லவா புறப்புண் பட்டிருந்தது? வெண்டல் வீட்டுச் சோபாவில் அவனைக் குப்புறக் கிடத்தினார்கள். உறைந்த பட்டாணிப் பையை ஒத்தடமாக வைத்தாள் ஆர்டித். இடுக்கியை அடுப்பில் காட்டி எடுத்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் மெர்ல்.”

“ஐயோ வேணாம். அங்க நர்ஸா இருக்கறது என் மருமக. அப்புறம் நான் எப்படி அவ மூஞ்சியில முழிக்கிறது?”

“அப்ப ஆடாம படுங்க.”

“எங்க பாக்கறீங்க ஆர்டித்?”

“பாக்க வேண்டிய எடத்தத்தான். அதுக்கு மேல பாக்க எனக்கும் ஆசை இல்ல.”

வெண்டல் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தான். “மன்னிச்சுக்கய்யா. ரக்கூனுனு நெனச்சுட்டேன்.”

“பரவால்ல” என்றான் மெர்ல் தலையணைக்குள்ளிருந்து. “ஒரு வருஷமா என்னச் சுடணும்னுதான் நெனச்சுட்டிருந்திருப்ப.”

வெண்டல் யோசித்தான். “நெனச்சேன்தான். ஆனா இந்த எடத்துல இல்ல.”

முதலில் மெர்லின் தோள் குலுங்கியது. பிறகு சோபா குலுங்கியது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இடுக்கியோடு குனிந்திருந்த ஆர்டித், “ஆடாதீங்கன்னு சொன்னேன்ல!” என்று அதட்டியும் அடங்கவில்லை.

அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடைவெளியில், திறந்திருந்த சன்னல் வழியே ஓர் ஓசை வந்தது. தட்டை முறியும் ஓசை. மடல் கிழியும் ஓசை. பல வாய்கள் ஒருங்கே மென்று சுவைக்கும் ஓசை. காவலற்ற கொல்லைக்குள் காது கிழிந்தவள் தன் சேனையோடு இறங்கிவிட்டாள். வெண்டல் எழுந்தான். சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பற்றினான். அப்போது மெர்லின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

“போவாதய்யா. குண்ட எடுக்கப் போறாங்க. வலிக்கும்போல இருக்கு.”

ஒருபுறம் சபை நடுவே உரைத்த வஞ்சினம், ஓராண்டுக் காத்திருப்பு, இன்னும் காப்பாற்றக்கூடிய பாதிக் கொல்லை. மறுபுறம் வியர்த்துப் பிசுபிசுத்த ஒரு கை. மண்டலங்கள் இரண்டையும் ஏந்திய துலாக்கோல் போல ஒருகணம் தடுமாறி நின்ற நம் தலைவன், துப்பாக்கியைச் சுவரிலேயே திரும்பச் சாய்த்தான். மண்டியிட்டு அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டான். ஆர்டித் இழுத்தாள். மெர்ல் கத்தினான். ஈயக்குண்டு காப்பிக் கோப்பைக்குள் ‘டிங்’ என்று விழுந்தது. வெளியே ஒவ்வொரு கதிராக முறிந்துகொண்டிருந்ததை மூவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை ஆர்டித் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய், நெடுஞ்சாலையோரப் பண்ணைக் கடையிலிருந்து கதிர்களை மூட்டையாக ஏற்றி வந்தாள். நண்பகலில் அவை தேவாலயக் கூடத்தின் நீள்மேசைகளில் ஆவி பறக்கக் குவிந்தன. மெர்ல் தட்டைக் கையில் ஏந்திச் சுவரோரம் நின்றபடியே உண்டான். காரணம் கேட்டவர்களிடம் இடுப்புப் பிடிப்பு என்றான். வெண்டலுக்கோ ஒரு சோளமணியும் இறங்கவில்லை. இது என் சோளமன்று. என் சோளம் ஆற்றோர மரப்பொந்துகளில் செரித்துக்கொண்டிருக்கிறது. ஊரார் முன் உரைத்த சொல்லை நான் காக்கவில்லை என்று அறிவித்துவிடுவதே ஆண்மைக்கு அழகு எனத் துணிந்தான். மேசையில் இரு கையும் ஊன்றினான். நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னகர, புயலில் சாய்ந்து நிமிரும் நெடுமரமென எழுந்து நின்றான். மார்பு விரிந்தது. தொண்டையைக் கனைத்தான். கரண்டிகள் ஓய்ந்தன, குழந்தைகள் அடங்கினர், சுவரோரத்து மெர்ல் மெல்லுவதை நிறுத்தினான், தெற்கு வடக்காக அமர்ந்திருந்த அந்தப் பெருஞ்சபையின் விழிகள் யாவும் ஒருங்கே அவன்மேல் வந்து குவிந்தன.

“எழுந்ததுதான் எழுந்தீங்க வெண்டல், அந்த வெண்ணெயக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க” என்றார் எதிரிலிருந்த பாஸ்டர் கிரெட்டா.

வெண்டல் வெண்ணெயைத் தள்ளினான்.